டிரெய்லர் ஹப் ஏன் கொதிக்கிறது?

கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, எங்களுடையது இரண்டு சக்கர டிராக்டர் டிரெய்லர். களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்கு ஓட்டுகிறோம். இரண்டு மாதத்துக்கு முன்புதான் சக்கரத்தின் நடுக் குடமான ஹப்புக்கு கிரீஸ் அடித்து, நட்டையும் நன்றாக இறுக்கினோம். இப்போது இடது ஹப்பில் கை வைக்க முடியவில்லை. அந்த டயரின் உள்பக்கம் கிரீஸ் வழிகிறது. பிரேக் பிடித்தால் வண்டி வலது பக்கம் இழுக்கிறது. பிரேக் ஜாம், டிரம்மை மாற்ற வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். மாற்றிவிடலாமா? அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீட்டு டிரெய்லர் வாங்கியிருக்கிறான். அவனுக்கும் இதே தொல்லை வருமா என்று கேட்கச் சொன்னான்."

டிரம்மை மாற்றாதீர்கள் தம்பி. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும்வரையாவது மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால் பட்டறைக்காரர் சொல்வது பொருந்தவில்லை. இடது பிரேக் ஜாம் ஆகியிருந்தால் வண்டி இடது பக்கம்தான் இழுக்க வேண்டும். உங்களுடையது வலது பக்கம் இழுக்கிறது. அப்படியென்றால் இடது பிரேக் பிடிக்கவே இல்லை, வலது சக்கரம்தான் இரண்டு பேர் வேலையையும் பார்க்கிறது. இடது ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு டயரின் உள்பக்கம் வழிகிற கிரீஸே பதில். கிரீஸை உள்ளே அடைத்து வைக்கும் ஆயில் சீல் போய், கிரீஸ் லைனரில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் உரசி நிறுத்துகிற பட்டையில், ஏறிவிட்டது. பிடிக்காத பிரேக் சக்கரத்தைச் சூடாக்காது. ஆக, சூடு பேரிங்கிலிருந்து வருகிறது.

இதை உறுதிப்படுத்த காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வெறும் டிரெய்லரை 5 கிலோமீட்டர் ஓட்டுங்கள். முடிந்தவரை பிரேக் தொடாமல், கியரைக் குறைத்து வேகத்தை இறக்கித் தானாக நிற்க விடுங்கள். இறங்கிப் போய் புறங்கையை முதலில் பக்கத்தில் காட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் தொடுங்கள், உள்ளங்கை வெந்துபோனால் ஒரு வாரம் வேலை நடக்காது. ஹப்பின் நடுப்பகுதி அதிகச் சூடாகவும் டிரம்மின் வெளி விளிம்பு அதைவிடக் குறைவாகவும் இருந்தால் பேரிங். டிரம் விளிம்பு கொதித்து நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தால் பிரேக் உரசுகிறது. இடது, வலது இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி கொதித்தால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன். ஓடி வந்த ஹப் வெதுவெதுப்பாக இருப்பது இயல்புதான். ஐந்தாறு நொடி கை வைத்திருக்க முடியாவிட்டால் 60 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் வண்டிக்கு அது அதிகம்.

இரண்டு மாதத்துக்கு முன் கவனித்த பேரிங் இவ்வளவு சீக்கிரம் ஏன் போனது என்று நீங்கள் கேட்கலாம். கவனித்ததால்தான் போனது என்பது என் கணக்கு. "கிரீஸ் அடித்து, நட்டையும் நன்றாக இறுக்கினோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டு காரணமும் அந்த ஒரே வரியில் இருக்கிறது.

முதலில் நட்டு, அச்சு முனையில் ஹப்பைப் பிடித்து நிறுத்துவது. டிரெய்லர் ஹப்பில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இருப்பவை டேப்பர் ரோலர் பேரிங். ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. உருளைகள் ஒரு பக்கம் பருத்து மறு பக்கம் சிறுத்துச் சாய்வாக இருக்கும். மேலிருந்து வரும் பாரத்தையும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் வரும் தள்ளலையும் ஒன்றாகத் தாங்குவதற்காக அந்தச் சாய்வு. ஆனால் அந்தச் சாய்வினாலேயே நட்டை இறுக்க இறுக்க உருளைகள் ஆப்பு அடித்த மாதிரி கப்புக்குள், அதாவது பேரிங்கின் வெளி வளையத்துக்குள், போய்ச் சிக்கும். நகர இடம் இல்லாமல் சுற்றினால் சூடு. சூட்டில் இரும்பு விரிந்து இன்னும் இறுக்கம், அதனால் இன்னும் சூடு. கிரீஸ் உருகி சீல் வழியாக வெளியே ஓடிவிடும். கடைசியில் உருளைக் கூடு உடைந்து ஹப் அச்சோடு பிடித்துக்கொள்ளும்.

நானே இதைச் செய்திருக்கிறேன். தொழில் பழகிய புதிதில், பானாவின் வாலில் பைப்பைச் சொருகி, இருக்கிற பலத்தையெல்லாம் காட்டி ஒரு டிரெய்லர் நட்டை இறுக்கினேன். நல்ல வேலை செய்ததாக நினைப்பு. நெல் மூட்டையோடு சேரன்மகாதேவியிலிருந்து கிளம்பிய வண்டி பத்தமடை தாண்டவில்லை, சக்கரம் சுற்றாமல் ரோட்டில் தேய்ந்துகொண்டு வந்து நின்றது. எங்கள் தாத்தா மாட்டு வண்டி ஓட்டியவர். வந்து பார்த்துவிட்டு, "சக்கரத்துக்கு மூச்சு விட இடம் வேண்டாமாலே?" என்றார். கடையாணிக்கும் குடத்துக்கும் நடுவில் கொஞ்சம் ஆட்டம் விட்டு, வைக்கோல் கரியில் எண்ணெய் குழைத்த மசியைப் போட்டு ஓட்டியவர்களுக்குத் தெரிந்தது, பானா பிடித்த எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கிரீஸ். ஹப்பின் நடுவில் கிரீஸ் ஏற்ற இருக்கும் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, வெளியே வரும்வரை அடித்திருப்பீர்கள். அந்த கிரீஸ் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்பும். உருளைகளுக்கு இடையே போகும் என்று உறுதி கிடையாது. இடம் நிரம்பிய பிறகு கன்னின் அழுத்தம் எளிதான வழியைத் தேடும், அந்த வழி ஆயில் சீல். சீலின் உதடு மடங்கிவிட்டால் அப்புறம் அது சீல் இல்லை, வெறும் ரப்பர் வளையம். ஆகவே, உள்ளே கிரீஸ் நிறைந்திருந்தும் பேரிங் காய்ந்திருக்கும், பிரேக் நனைந்திருக்கும்.

உங்கள் பக்கத்தில் மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது டிரெய்லரை நேராகப் பச்சையாற்றிலோ கால்வாயிலோ இறக்கிக் கழுவுகிற பழக்கம். 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த ஹப்புக்குள் காற்று சூடாகி விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் அந்தக் காற்று சட்டென்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். படகு டிரெய்லர்களுக்கு உலகம் முழுக்க இருக்கிற அதே வியாதிதான். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கழுவுங்கள், அதுவும் ஹப் முங்காமல்.

சரி, வேலைக்கு வருவோம். டிராக்டரைக் கழற்றாமல், சமதளத்தில், வெறும் வண்டியாக நிறுத்துங்கள். மறு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை எத்தனை ஆயிரம் பேர் இழுத்தாலும் நிறுத்துவது முட்டுக்கட்டைதான், அது போல நல்ல ஆப்புக் கட்டையாக இருக்கட்டும். உருண்டைக் கல் வேண்டாம். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஜாக்கியை அச்சுக்கு அடியில் வைத்துத் தூக்குங்கள். தூக்கியதும் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டோ தடித்த மரக்கட்டையோ கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பை உள்ளே விடக் கூடாது. இதில் விட்டுக்கொடுத்து வேலை பார்க்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு கையால் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது. அப்புறம் ஹப் மூடி, காட்டர் பின் (நட்டு கழலாமல் துளையில் செருகும் கம்பி), நட்டு, வாஷர் என்று வரிசையாகக் கழற்றினால் வெளி பேரிங் கையில் வரும். டிரம் வரவில்லை என்றால் சுத்தியலால் விளிம்பில் அடிக்காதீர்கள், வார்ப்பு இரும்பு விரிசல் விடும். பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் வந்துவிடும். உள்ளே சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங்கும் வந்துவிடும். இடது, வலது, உள், வெளி எல்லாவற்றையும் தனித்தனித் தட்டில் வையுங்கள். ஓடிப் பழகிய பேரிங் அதன் சொந்த கப்போடு மட்டுமே சேரும்.

டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி, துணியால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். ஏர் அடித்து விர்ரென்று சுற்றவிட்டு விளையாடுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். உருளை தெறித்து வந்தால் கண் போகும். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள், நடந்ததைப் பேரிங்கே காட்டிவிடும். நீலமோ அடர் பழுப்போ பாய்ந்திருந்தால் சூட்டில் பதம் போனது, மீண்டும் போடக் கூடாது. ஓட்டப் பாதையில் உரிந்த மாதிரி சின்னக் குழிகள் இருந்தால் ஆயுள் முடிந்தது. உருளைகள் நிற்கிற அதே இடைவெளியில் கப்பில் கோடு கோடாகத் துரு இருந்தால், உள்ளே தண்ணீரோடு வண்டி நாள்கணக்கில் நின்றிருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஓரமாக நிறுத்தி, தை மாதம் எடுக்கிற டிரெய்லர்களில் இதைத்தான் அதிகம் பார்ப்பேன்.

மாற்றுவதாக இருந்தால் பேரிங்கையும் கப்பையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதுப் பேரிங் போடுவது புது செருப்புக்குள் பழைய முள்ளை விட்டுவைக்கிற கதை. பேரிங்கின் முகத்தில் எண் வெட்டியிருக்கும். 30208 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், 40 மில்லிமீட்டர், அதுதான் உள் விட்டம். 30210 என்றால் 50. கடைக்காரர் "இதுவும் அதே சைஸ்தான்" என்று வேறு எண்ணைக் கொடுத்தால் வாங்காதீர்கள். உள் விட்டம் ஒன்றாக இருந்தும் அகலமும் வெளி விட்டமும் மாறும்.

பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றலாம். அடம் பிடித்தால் கப்பின் உள்வட்டத்தில் ஒரு சுற்று வெல்டிங் ஓட்டச் சொல்லுங்கள். ஆறும்போது சுருங்கித் தானாகக் கழன்று விழும். புது கப்பை இறக்கும்போது பழைய கப்பையே மேலே வைத்துத் தட்டினால் முகம் அடிபடாது. கடைசி வரை போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் கணீரென்று மாறும், காதுக்குத் தெரியும்.

அச்சு முனையையும் விட்டுவிடாதீர்கள். பேரிங் அச்சின் மேலேயே சுழன்று அச்சு தேய்ந்திருந்தால், சில பட்டறைகளில் சென்டர் பஞ்சால் சுற்றிலும் புள்ளி குத்தி, அல்லது தகரத்தைச் சுற்றி, "டைட் ஆயிடுச்சு" என்பார்கள். ஒரு லோடு தாங்கும், இரண்டாவது லோடில் பழைய கதை. வெல்டிங்கில் உலோகம் ஏற்றி லேத்தில் அளவுக்குக் கடைந்து வாங்குங்கள், இல்லையென்றால் அச்சு முனையை மாற்றுங்கள்.

கிரீஸ் என்றால் எல்லாம் ஒன்றில்லை. மலிவான கால்சியம் சேசிஸ் கிரீஸ் 100 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும், லிதியம் கிரீஸ் உருக 180 டிகிரி பக்கம் ஆகும். டப்பாவில் வீல் பேரிங் கிரீஸ் என்றோ ஏ.பி.3 என்றோ போட்ட லிதியம் கிரீஸைக் கேட்டு வாங்குங்கள். பழையதோடு கலக்காதீர்கள், சில வகைகள் சேர்ந்தால் தண்ணீராக இளகிவிடும். போடுகிற முறை உள்ளங்கைதான். ஒரு கை கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் பருத்த பக்கத்தை அதன் விளிம்பில் அழுத்தி அழுத்தி இழுங்கள். உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் புழுப் புழுவாக வெளிவரும். சுற்றி எல்லா இடத்திலும் அப்படி வந்தால்தான் பேரிங் நிறைந்தது. ஹப்பின் நடு வெற்றிடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போதும்.

ஆயில் சீல் எப்போதும் புதிது. கழற்றிய சீலை மறுபடி போட்டு நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் லைனர் கெடுகிறது. ஸ்பிரிங் இருக்கும் உதடு கிரீஸ் பக்கம், அதாவது ஹப்பின் உள்ளே பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பலகை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள். சீல் உட்காருகிற இடத்தில் அச்சின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் எந்த சீலும் அங்கே நிற்காது.

இப்போது நட்டு. இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், சுற்றுவது கனக்கும் வரை. இது உருளைகளைக் கப்பில் சரியாக உட்கார வைப்பதற்காக மட்டும். பிறகு சக்கரத்தை அசைக்காமல் நட்டை முழுக்கத் தளர்த்துங்கள். அப்புறம் பானாவைக் கீழே வைத்துவிட்டு, விரலால் மட்டும் நட்டைத் திருகி, நிற்கிற இடத்தில் விடுங்கள். காட்டர் பின் துளைக்கு நேராக வரவில்லை என்றால் அடுத்த துளைக்குத் தளர்த்துங்கள், ஒருபோதும் இறுக்காதீர்கள். டயரைப் பிடித்து ஆட்டினால் உணர்ந்தும் உணராத மாதிரி ஓர் ஆட்டம் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள். காட்டர் பின் புதிதாக இருக்கட்டும். பழைய ஆணியை வளைத்துப் போட்ட டிரெய்லர்கள் ரோட்டில் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பிரேக்குக்கு வருகிறேன். கிரீஸ் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி, தீ வைத்துக் காயவைத்து மறுபடி போடுகிற வித்தை எல்லா ஊரிலும் உண்டு. மேலே காயும், உள்ளே இருப்பது அடுத்த முறை சூடானதும் கசிந்து வரும். ஒரு நேரம் வழுக்கும், ஒரு நேரம் பிடித்து இழுக்கும். மாற்றுங்கள், அதுவும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் இப்போது இருக்கிற இழுப்பு திசை மாறி வரும், அவ்வளவுதான். டிரம்மின் உள்ளே இருக்கிற கருந்தூளை ஊதாதீர்கள், பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் லேசாகக் கடையலாம். பல டிரம்களில் அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும், அதைத் தாண்டினால்தான் டிரம் மாற்றுகிற பேச்சு. ஒட்டாமல் ரிவெட் அடித்த லைனராக இருந்தால், ரிவெட் தலைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதபோது மாற்றிவிட வேண்டும். எல்லாம் பூட்டிய பிறகு, சக்கரம் உரசும்வரை அட்ஜஸ்டரை ஏற்றி, பிறகு தடையில்லாமல் சுற்றும்வரை இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

இரண்டு பக்கமும் கொதித்தால் வேறு கதை என்றேனே, அது இதுதான். டிராக்டர் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே பிரேக்கைப் பிடிக்க வைக்கும் வகை இருக்கிறது. அதில் முன்பக்க இழுவைத் தண்டு உள்ளே போய் வெளியே வர வேண்டும். மண்ணும் துருவும் ஏறி உள்ளேயே சிக்கிக்கொண்டால் பிரேக் விடாது. அந்தத் தண்டைத் துடைத்து கிரீஸ் போடுங்கள். டிராக்டரிலிருந்து ஹைட்ராலிக் குழாய் வருகிற வகையென்றால் சிலிண்டரில் கசிவும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் பார்க்க வேண்டியவை.

பிரேக்கே இல்லாத டிரெய்லரும் நம் பக்கம் நிறைய ஓடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு. 20 கிலோமீட்டரில் டிராக்டர் பிரேக்கால் சமாளித்த அதே லோடு, 40-ல் டிராக்டரையே பின்னாலிருந்து தள்ளி மடக்கிப் போட்டுவிடும். பாலத்து இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களிடம் இதற்கு மேல் என்ன சொல்ல?

உங்கள் மச்சான் விஷயம். அவருடைய வீட்டு டிரெய்லரிலும் இதே டேப்பர் பேரிங், இதே விரல் இறுக்கம்தான். வருடத்துக்கு ஒரு முறை, அல்லது 12,000 மைல், ஏறக்குறைய 19,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கழற்றி கிரீஸ் போடச் சொல்வார்கள். ஆண்டில் பத்து நாள்தான் ஓட்டுகிறேன் என்று விட்டுவிடக் கூடாது. நின்றே கெடுகிற வண்டி அது. பிரேக்தான் வேறு, பெரும்பாலும் மின்சார பிரேக். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். காரிலிருந்து மின்சாரம் வந்ததும் அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி இழுபட்டு, ஒரு நெம்புகோலால் லைனர் பதித்த ஷூவை விரிக்கும். பிரேக் மந்தமாக இருந்தால் முதலில் எர்த் வயரின் துருவைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் காந்தத்தின் தேய்மானம். டிரெய்லர் காரிலிருந்து கழன்று போனால் ஒரு பின் இழுபட்டு, டிரெய்லரிலேயே இருக்கும் பேட்டரி பிரேக்கைப் பிடிக்க வைக்கும். அந்த பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பயணத்துக்கு முன் பார்க்க வேண்டும். அச்சு முனையிலேயே நிப்பிள் வைத்த வகைகளும் அங்கே உண்டு. அதில் கிரீஸ் முதலில் உள் பேரிங்குக்குப் போய், வெளி பேரிங் வழியாக வரும். நல்ல ஏற்பாடுதான். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மெதுவாக அடித்தால். அவசரப்பட்டு அடித்தால் அமெரிக்காவிலும் சீல் பிதுங்கி பிரேக் நனையும்.

பூட்டி முடித்ததும் வீல் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் இரண்டு மூன்று முறை நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள், புதிதாகப் பூட்டிய சக்கரம் கொஞ்சம் தளரும். புது லைனர் டிரம்மோடு சேர்ந்து பழகும்வரை முதல் இரண்டு நாள் பாதி லோடு போதும். அதன்பிறகு ஆண்டுக்கு இரண்டு தடவை, கார் நடவுக்கு முன் ஒரு முறை, பிசான அறுவடைக்கு முன் ஒரு முறை கழற்றிப் பார்த்தால் உங்கள் ஓட்டத்துக்குச் சரியாக இருக்கும்.

கழற்றிய இடது பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவி வைத்து, என்ன நிறத்தில் இருக்கிறது, குழி உள்ளே இருந்த பேரிங்கிலா வெளியே இருந்ததிலா என்று எழுதுங்கள். பேரிங் நீலம் பாய்ந்திருந்தால் நட்டு இறுக்கத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உள் பேரிங்கில் துரு இருந்தால் பச்சையாறு.